பின்னவலவா, உடவளவையா? விடுமுறைக்கால வாசகர் கேள்வி பதில்

விடுமுறைக்குப் பிள்ளைகளுக்கு விலங்குகளைக் காட்ட இலங்கையில் எங்கே போகலாம், கேள்விகளை அனுப்புங்கள் என்று போன இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் யானையைப் பற்றித்தான் இருந்தன. எல்லாவற்றுக்கும் இங்கே இடமில்லை, ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்திருக்கிறேன்.

அக்கா, எட்டு வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு பிள்ளைகள். கொழும்பில் உறவினர் வீட்டுக்கு வருகிறோம். ஒரு நாள்தான் கிடைக்கும். தெஹிவளை மிருகக்காட்சிச்சாலைக்குப் போவதா, பின்னவலவுக்குப் போவதா? (வாசகி, வவுனியா)

ஒரே நாள் என்றால் தெஹிவளைதான். பின்னவல யானைகள் காப்பகம் கேகாலைப் பக்கம். போய் வரவே பாதி நாள் முடிந்துவிடும், யானைகள் ஆற்றுக்கு வரும் நேரம் பார்த்து உங்கள் சின்னவர் மடியில் தூங்கிவிடுவார்.

தெஹிவளை பழைய இடம். ஜோன் ஹேகன்பெக் என்ற ஜெர்மன் வியாபாரி, வெளிநாட்டு மிருகக்காட்சிச்சாலைகளுக்கு அனுப்புவதற்காகப் பிடித்த விலங்குகளை வைத்திருந்த இடத்திலிருந்துதான் அதன் கதை தொடங்குகிறது. அந்தக் கம்பெனி நொடித்துப்போக, 1936இல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. சுமார் 20 ஏக்கர்தான், சுற்றிவர நகரம் நெருக்கி வந்துவிட்டது, இனி விரிவதற்கு வழியில்லை. அதனால் சில கூடுகளைப் பார்க்கும்போது மனது கனக்கும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எட்டு வயதுப் பிள்ளை "ஏன் இது இவ்வளவு சின்ன இடத்தில் நிற்குது?" என்று கேட்டால் பேச்சை மாற்றாதீர்கள். அந்தக் காலத்தில் அப்படித்தான் கட்டினார்கள், இப்போது அது போதாது என்று தெரிந்திருக்கிறது, மாற்ற இடமும் பணமும் வேண்டும் என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் சொல்லுங்கள். தெஹிவளையின் பணிப்பாளராக இருந்த லின் டி அல்விஸ் என்பவர்தான் 1973இல் திறந்த சிங்கப்பூர் மிருகக்காட்சிச்சாலையை வடிவமைக்க ஆலோசனை சொன்னவர். 1994இல் அங்கே தொடங்கிய, உலகின் முதல் இரவு விலங்குப் பூங்காவிலும் அவருடைய யோசனைகள் இருக்கின்றன. கம்பி வைத்து மறைப்பதற்குப் பதிலாக அகழியும் மரமும் வைத்து விலங்கை அதன் சூழலிலேயே காட்டும் அந்த முறையை உலகமே வந்து பார்க்கிறது. நம் ஊர் மனிதர் ஒருவர் அதற்குக் கைகொடுத்திருக்கிறார் என்பதில் எனக்குப் பெருமை, அதில் பாதியாவது தெஹிவளைக்கு வாய்க்கவில்லையே என்பதில் ஆதங்கம்.

காலையிலேயே போய்விடுங்கள். வெயில் ஏறினால் பாதி விலங்குகள் படுத்துவிடும். மீன் காட்சியகத்தை மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், நிழலாக இருக்கும். அப்புறம், எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று ஓடாதீர்கள். சிம்பன்சிகளுக்கு முன்னால் கால்மணி நேரம் சும்மா நின்று பாருங்கள், அவை ஒன்றையொன்று எப்படிப் பார்த்துக்கொள்கின்றன, யார் யாருக்குப் பேன் பார்க்கிறது, யாருக்கு யார் இடம் விடுகிறது என்பதைப் பிள்ளைகளே உங்களுக்குச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

பின்னவல, உடவளவை இரண்டுமே தாயை இழந்த யானைக்குட்டிகளுக்கான இடங்கள் என்கிறார்கள். பின்னவலவில் யானையைத் தொடலாம், பால் கொடுக்கலாம், குளிப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். உடவளவையில் தூரத்தில் உட்கார்ந்து பார்க்க மட்டும்தான் விடுவார்களாம். அப்படியானால் பின்னவலதானே நல்லது? (வாசகர், சென்னை)

தொட விடாததுதான் உடவளவையின் சிறப்பு. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத ஆசைப்பட்டேன்.

பின்னவலவை 1975இல் வனஜீவராசிகள் திணைக்களம் ஐந்து குட்டிகளோடு தொடங்கியது. 1978இல் அது மிருகக்காட்சிச்சாலைத் திணைக்களத்தின் கைக்கு வந்தது. மகா ஓயா ஆற்றுப் பக்கம் ஒரு தென்னந்தோட்டம், கடைகள் நிறைந்த ஒரு தெரு, அந்தத் தெரு வழியாக யானைகள் வரிசையாக ஆற்றுக்கு இறங்கி வரும். கண்ணிவெடியில் பாதத்தை இழந்த சாமா என்ற யானைக்கு வாழ இடம் கொடுத்ததும் இந்தப் பின்னவலதான், அதை மறக்கக் கூடாது. 1984இல் அங்கேயே முதல் குட்டி பிறந்தது, 2021இல் இரட்டைக் குட்டிகளும் பிறந்தன. ஆக, அநாதைக் குட்டிகளுக்காகத் தொடங்கிய இடம் காலப்போக்கில் யானைகளை வளர்த்துப் பெருக்கும் இடமாகிவிட்டது. அங்கே வளர்ந்த யானை காட்டுக்குத் திரும்புவதில்லை. மனிதர்களோடு பழகிவிட்டது, பாகனும் சங்கிலியும் இல்லாமல் அதை வைத்திருக்க முடியாது. ஆற்றில் ஐம்பது யானைகள் சேர்ந்து நிற்கும் காட்சி கண்ணை விட்டுப் போகாது, அதை மறுக்கவே மாட்டேன். ஆனால் கரையில் நிற்கும்போது கால்களையும் பாருங்கள்.

உடவளவையில் இருப்பது 1995இல் தொடங்கிய பராமரிப்பு நிலையம், சிங்களத்தில் "அத் அத்துரு செவன" என்பார்கள். வனஜீவராசிகள் திணைக்களம் நடத்துகிறது. கிணற்றில் விழுந்தவை, ரயிலில் தாய் அடிபட்டுத் தனித்து நின்றவை, "ஹக்க பட்டாஸ்" வாயில் வெடித்துத் தாய் செத்துப்போனவை இங்கே வருகின்றன. (காய் பழத்துக்குள் வெடிமருந்து வைப்பது அது. கடித்தால் தாடை சிதறும், தின்ன முடியாமல் பட்டினி கிடந்து பல நாளில் சாகும். இதை எழுதவே கை கூசுகிறது.) இங்கே குட்டிகளை நாலைந்து வயது வரை வளர்த்து, கூட்டாளிகளோடு சேர்த்துக் காட்டில் விடுகிறார்கள். 1998இலிருந்து இப்படி நூற்றுக்கு மேற்பட்ட யானைகள் காட்டுக்குப் போயிருக்கின்றன, அவற்றில் சில அங்கே குட்டியும் போட்டிருக்கின்றன.

நான் போன அன்று மேடை நிறைய ஆட்கள். பால் நேரம் வந்ததும் படலையைத் திறந்து குட்டிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டார்கள். முதலில் வந்தது என் இடுப்புயரம்கூட இருக்காது, ஓடி வந்த வேகத்தில் காது இரண்டும் விரிந்து கிடந்தன. ஊழியர் ஒருவர் குழாயின் முனையை வாய்க்குள் வைக்க, மற்றவர் புனலில் பாலை ஊற்றினார். அரை நிமிடம்தான், முடிந்தது. அது நகர மாட்டேன் என்று நின்றது, தும்பிக்கையால் புனலைத் தேடியது. ஊழியர் ஒன்றும் பேசவில்லை, தோளால் ஒரு தள்ளு, அடுத்த குட்டி வந்துவிட்டது. எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சின்னப் பையன் தாயிடம் கேட்டான், "ஏனம்மா அந்த மாமா அதைத் தடவிக் குடுக்கேல்லை?"

நல்ல கேள்வி. தடவினால் அது மனிதனை நம்பத் தொடங்கும். நாளைக்குக் காட்டில் விட்டபிறகு பால் தந்த கையைத் தேடி ஊருக்குள் வரும், ஊருக்குள் வரும் யானைக்கு என்ன நடக்கும் என்று வன்னியிலும் மட்டக்களப்பிலும் இருக்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2011 கணக்கெடுப்பில் நாட்டில் 5,879 காட்டு யானைகள் இருந்தன. அவை எதிர்கொள்ளும் ஆபத்தெல்லாம் மனிதனுக்குக் கிட்ட வருவதால் வருகிறது. அந்த ஊழியர் கையை எடுத்துக்கொண்டதுதான் அவர் அந்தக் குட்டிக்குச் செய்த பெரிய உதவி.

ஆகவே நாள் இருந்தால் இரண்டையும் பாருங்கள், ஒன்றுதான் முடியும் என்றால் உடவளவைக்குப் போங்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை பால் கொடுப்பார்கள், அதற்கேற்ப நேரம் பார்த்துப் போனால் போதும். பக்கத்திலேயே 1972இல் அறிவிக்கப்பட்ட தேசிய பூங்கா இருக்கிறது, ஜீப்பில் போய்ப் பெரிய யானைகளையும் பார்த்துவிடலாம். வழியில் நீர்த்தேக்கத்து மின்வேலி ஓரம் யானைகள் நிற்கும், வாகனத்தை நிறுத்தி ஆட்கள் பழம் நீட்டிக்கொண்டிருப்பார்கள். நீங்கள் அதைச் செய்யாதீர்கள். புத்தல – கதிர்காமம் வீதியிலும் இதே கதைதான். அங்கே வாகனத்தை மறித்து நிற்கும் அளவுக்கு யானையைக் கெடுத்ததே நாம் நீட்டிய வாழைப்பழம்.

சென்னையிலிருந்து வருவதால் ஒன்று: பின்னவலவில் இந்தியா உள்ளிட்ட சார்க் நாட்டவருக்கு மற்ற வெளிநாட்டவரைவிடக் குறைந்த கட்டணம். கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள்.

ரிதியகம சஃபாரி பூங்காவும் யால மாதிரித்தானா? இரண்டிலும் வாகனத்தில் போய்த்தானே பார்ப்பது? (வாசகர், நுவரெலியா)

வாகனம் மட்டும்தான் ஒற்றுமை. ரிதியகம 2016இல் அம்பாந்தோட்டையில் திறந்த சஃபாரி பூங்கா, சுமார் 500 ஏக்கரை வலயங்களாகப் பிரித்து வேலி போட்டு, சிங்கம், புலி, ஆபிரிக்க விலங்குகள் என்று தனித்தனியே விட்டிருக்கிறார்கள். அடைத்த பஸ்ஸில் கூட்டிப் போவார்கள், விலங்கு கண்ணில் படும் என்பது ஏறக்குறைய நிச்சயம். பஸ்ஸில் நாம் அடைபட்டு, சிங்கம் வெளியே நிற்பது பிள்ளைகளுக்கு நன்றாகப் பிடிக்கும். தெஹிவளையின் நெருக்கடியைப் பார்த்த கண்ணுக்கு இது ஆறுதல்.

யால என்பது காடு, தேசிய பூங்கா. அங்கே எதுவும் வராமலும் போகலாம். இலங்கைச் சிறுத்தை இந்தத் தீவுக்கே உரிய துணையினம், இங்கே நிலத்தில் அதைவிடப் பெரிய வேட்டை விலங்கு இல்லை, அதனால் மற்ற நாடுகளில் போல ஒளிந்து திரிய வேண்டிய பயம் அதற்குக் குறைவு. யாலவின் முதலாம் பகுதி சிறுத்தை அடர்த்திக்கு உலகப் பெயர் பெற்றது. பெயர் வந்ததும் ஜீப்புகளும் வந்தன. ஒரு சிறுத்தை மரத்தில் படுத்திருக்கிறது என்று ஒரு சாரதி போனில் சொன்னால் போதும், எல்லாத் திசையிலிருந்தும் ஜீப்புகள் புழுதி கிளப்பிக்கொண்டு வந்து குவியும். உள்ளே மணிக்கு 25 கிலோமீட்டர்தான் வேக எல்லை. ஏறும்போதே சாரதியிடம், "தம்பி, சிறுத்தை வராவிட்டாலும் பரவாயில்லை, ஓட வேண்டாம், எங்கேயாவது தண்ணீருக்குப் பக்கத்தில் எஞ்சினை நிறுத்தி வையுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் சிறுத்தை எங்கே என்று பயணிகள் கேட்பார்கள் என்ற பயத்தில்தான் அவர்கள் ஓடுகிறார்கள். நான் இப்படிச் சொன்ன அன்று ஒரு குளக்கரையில் முக்கால் மணி நேரம் நின்றோம், சிறுத்தை வரவில்லை, ஆனால் முதலை ஒன்று வாயைத் திறந்தபடி கிடக்க, கொக்கு ஒன்று அதன் மூக்குக்கு இரண்டடி தள்ளி மீன் பிடித்துக்கொண்டிருந்ததை அவ்வளவு நேரமும் பார்த்தோம்.

ஜூன், ஜூலையில் போனால் பாலை மரத்தடிகளைக் கவனியுங்கள். நம் வன்னியில் பொறுக்கித் தின்ற அதே பாலைப்பழம்தான், கரடிக்கு அதில் அப்படியொரு ஆசை. செப்டெம்பரில் வழமையாக யாலவின் முதலாம் பகுதியை மூடுவார்கள், விசாரித்துவிட்டுப் போங்கள். கூட்டம் பிடிக்காதவர்களுக்கு வில்பத்து. அது நாட்டின் மிகப் பெரிய தேசிய பூங்கா, அமைதியும் அதிகம்.

ஹபரணையில் யானைச் சவாரி போகலாமா? மகள் ஆசைப்படுகிறாள். (வாசகி, மாத்தளை)

வேண்டாம். 2021இல் வந்த விதிகளின்படி வளர்ப்பு யானையைத் தினமும் இரண்டரை மணி நேரம் குளிப்பாட்ட வேண்டும், ஒரு நேரத்தில் நாலு பேருக்கு மேல் ஏற்றக் கூடாது, மெத்தை வைத்த இருக்கை வேண்டும். சட்டம் போட்டுச் சொல்ல வேண்டிய நிலையில் இருந்தது என்பதிலிருந்தே நிலைமை புரியும். நண்பகல் தார் வீதியில் சூட்டில் நடந்து வரும் யானையின் முதுகில் ஏறுவதில் என்ன சந்தோஷம்? அதே ஹபரணையிலிருந்து மின்னேரியா கொஞ்ச தூரம்தான். ஆகஸ்ட், செப்டெம்பரில் மகாசேனன் கட்டிய அந்தக் குளம் வற்றி, கரையெல்லாம் புல் முளைத்திருக்கும்போது நூற்றுக்கணக்கான காட்டு யானைகள் ஒன்றுசேரும். சவாரிக்கு வைத்த காசை அந்த ஜீப்புக்குக் கொடுங்கள், மகள் வளர்ந்தபிறகும் அதைச் சொல்லிக்கொண்டிருப்பாள்.

அக்கா, தென்கரையில் ஆமைப் பண்ணைக்குப் போனோம். பிள்ளைகள் ஆமைக்குஞ்சைக் கையில் பிடித்துப் படம் எடுத்தார்கள். பிறகு ஒருவர், அது பிழையான வேலை என்றார். காப்பாற்றும் இடம் என்றுதானே போட்டிருந்தது? (வாசகி, கண்டி)

உங்கள் மேல் பிழை இல்லை, பலகையை நம்பித்தான் எல்லாரும் உள்ளே போகிறோம், நானும் போயிருக்கிறேன். உலகில் ஏழு வகைக் கடலாமைகள், அதில் ஐந்து இலங்கைக் கரையில் முட்டையிடுகின்றன: பேராமை, பங்குனி ஆமை, அழுங்காமை, பெருந்தலை ஆமை, ஏழுவரி ஆமை. எல்லாமே சட்டத்தால் காக்கப்பட்டவை. முட்டை எடுத்து விற்கிறவர்களிடமிருந்து அவற்றை வாங்கி மணலில் புதைத்துப் பொரிக்க வைப்பதுதான் பண்ணைகளின் தொடக்கம். அந்த எண்ணம் நல்லது, அதனால் பிழைத்த குஞ்சுகளும் உண்டு.

சிக்கல் பொரித்தபிறகு தொடங்குகிறது. முட்டையிலிருந்து வெளியே வந்த குஞ்சுக்கு வயிற்றில் கொஞ்சம் மஞ்சள் கரு மிச்சம் இருக்கும், அதுதான் அதன் கட்டுச்சோறு. அந்தச் சக்தியில் ஒரு நாள், ஒன்றரை நாள் நிற்காமல் நீந்தி, மீன்களும் பறவைகளும் நிறைந்த கரையோரத்தைத் தாண்டி ஆழ்கடலுக்குப் போய்விட வேண்டும். அந்த நேரத்தில் பிடித்துத் தொட்டியில் போட்டால் அது தொட்டிக்குள் நீந்தும். நான் பார்த்த இடத்தில் சீமெந்துத் தொட்டியின் ஒரே மூலையில் பத்துப் பன்னிரண்டு குஞ்சுகள், எல்லாம் கடல் பக்கத்துச் சுவரில் மூக்கை வைத்துத் துடுப்பை அடித்துக்கொண்டே இருந்தன. ஒரு குஞ்சை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்கள், காற்றிலும் அது நீந்திக்கொண்டுதான் இருந்தது. அன்றைக்கு எனக்கு அது வேடிக்கையாகத் தெரிந்தது, இப்போது நினைத்தால் தாங்கவில்லை.

அடுத்த முறை போகிற இடத்தில் மூன்று விஷயம் கேளுங்கள். குஞ்சு பொரித்து எத்தனை மணி நேரத்தில் கடலில் விடுகிறீர்கள், பகலிலா இரவிலா, காயப்படாத ஆமைகளையும் தொட்டியில் வைத்திருக்கிறீர்களா? அன்றிரவே விடுகிறோம் என்றால் நல்லது. "நாளைக்குப் பஸ்ஸில் ஆட்கள் வருகிறார்கள், அவர்கள் கையால் விடுவார்கள்" என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

பிள்ளைகள் கொஞ்சம் பெரியவர்கள் என்றால் தங்காலைக்குப் பக்கத்தில் ரெக்கவ கடற்கரைக்குப் போங்கள். 2006இல் சரணாலயமாக்கிய இடம், இங்கே முட்டைகளைத் தோண்டி எடுப்பதில்லை, கூடு இருக்கும் இடத்திலேயே காவல் காக்கிறார்கள். இரவில் இருட்டிலேயே காத்திருக்க வேண்டும், டோர்ச் இல்லை, போன் வெளிச்சம் இல்லை. ஆமை முட்டையிடத் தொடங்கியபிறகுதான் கிட்ட விடுவார்கள், அதற்கு முன் குழப்பினால் முட்டையிடாமலே திரும்பிவிடும். சில இரவுகளில் ஒன்றும் வராது, அதைப் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிக் கூட்டிப் போங்கள்.

திமிங்கிலம் பார்க்க மிரிஸ்ஸ நல்லதா, திருகோணமலை நல்லதா? (வாசகர், மட்டக்களப்பு)

மாதத்தைப் பொறுத்தது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை மிரிஸ்ஸ, அதற்குப் பிறகு கடல் மாறும், அப்போது உங்கள் பக்கம், திருகோணமலை. நீலத் திமிங்கிலத்தைக் கரையிலிருந்து சில மணி நேரத்தில் போய்ப் பார்க்கக்கூடிய இடங்கள் உலகில் அதிகமில்லை. துரத்தாத படகாகப் பாருங்கள். தென்கடலில் தேவேந்திரமுனைக்கு அப்பால் உலகின் நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்று போகிறது, பெரிய கப்பல்களில் அடிபட்டே திமிங்கிலங்கள் சாகின்றன, சுற்றுலாப் படகும் சேர்ந்து விரட்டினால் அவை எங்கே போகும்? திருகோணமலை போனால் நிலாவெளிக்கு முன்னாலுள்ள புறாத்தீவையும் பார்த்து வாருங்கள், ஆனால் பவளத்தில் காலை ஊன்றாதீர்கள், அது உயிருள்ளது.

எல்லாம் தெற்கிலேயே இருக்கிறதே, வடக்கில் பிள்ளைகளுக்குக் காட்ட ஒன்றுமே இல்லையா? (வாசகர், சாவகச்சேரி)

ஏன் இல்லை! மாரிகாலம் முடிந்ததும் சுண்டிக்குளத்துக்கும் மன்னார் வங்காலைக்கும் போய்ப் பாருங்கள். வங்காலை, உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2010இல் சேர்ந்த சதுப்பு நிலம். வாத்துகளும் உள்ளான்களும் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும், வாய்த்தால் பூநாரைகளும் நிற்கும். கூடு, காட்சி நேரம் எதுவும் இல்லை. ஒரு தொலைநோக்கி மட்டும் இரவல் வாங்கிக்கொள்ளுங்கள்.

மன்னாரில் தெருவோரம் நிற்கும் கழுதைகளையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அரபு வணிகர்களோடு வந்தவை என்பார்கள். வாகனத்தில் அடிபட்டும் பிளாஸ்டிக்கைத் தின்றும் கஷ்டப்படுகின்றன, அவற்றுக்கென்றே அங்கே ஒரு மருத்துவ நிலையம் இருக்கிறது. அங்கே கழுதையின் கால்காயத்துக்கு மருந்து போடுவதைப் பார்த்த பிள்ளை, தெருவில் நிற்கிற கழுதைக்குக் கல்லெறியாது.

அப்புறம் நெடுந்தீவு. குறிகாட்டுவானிலிருந்து படகில் போக வேண்டும். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் வந்த குதிரைகளின் வழித்தோன்றல்கள் கட்டாக்காலியாகத் திரிகின்றன, கல்வேலிகளுக்கு நடுவே புல்வெளியில் கூட்டமாக நிற்கும். கோடையில் தண்ணீருக்குத் தவிக்கும் காலமும் உண்டு, அதனால் மழை பெய்து புல் பச்சையாக இருக்கும் மாதங்களில் போவதே நல்லது. ஓரளவுக்கு மேல் கிட்டப் போக விடாது, தலையைத் தூக்கிப் பார்க்கும், இன்னும் ஓரடி வைத்தால் முழுக் கூட்டமும் நகர்ந்துவிடும். பிள்ளைகளை அந்த இடத்திலேயே உட்கார வையுங்கள், கொஞ்ச நேரத்தில் அவை திரும்பவும் குனிந்து மேயத் தொடங்கும். குடிதண்ணீரும் தொப்பியும் கொண்டு போங்கள், நிழல் குறைவு. கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.